கிறிஸ்தவமும் இஸ்லாமும்: இராமநாதபுரக் கரையோரம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீட்டிலும் மையத்து (சாவு) வீட்டிலும், மீன் ஏலக் கூடத்திலும், கல்லூரி விடுதியிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறோம். யார் நம்புவது சரி என்ற தீர்ப்பு இதில் கிடைக்காது.

இக்கரை முஸ்லிம்களில் ஷாஃபிஈ மத்ஹபினரும் ஹனஃபி மத்ஹபினரும் உண்டு (மத்ஹப் என்பது இஸ்லாமியச் சட்டப் பள்ளி). கிறிஸ்தவர்களில் கடலோரத்தில் கத்தோலிக்கரே அதிகம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே சபையினரும் உண்டு. ஆளுக்கு ஆள் பதில் மாறும் இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறோம்.

ரெண்டு மதமும் ஒரே கடவுளைத்தானே கும்பிடுது? அப்புறம் என்ன வித்தியாசம்?

உலகத்தைப் படைத்தவன் ஒருவன், அவனே ஆபிரகாமை அழைத்தவன், மோசேக்கு வேதம் கொடுத்தவன், கடைசி நாளில் எல்லோரையும் எழுப்பிக் கணக்குக் கேட்பவன். இதுவரை இரண்டு பேரும் ஒன்றாகவே வருகிறார்கள். ‘எங்கள் இறைவனும் உங்கள் இறைவனும் ஒருவனே’ என்று வேதக்காரர்களிடம் (யூதர், கிறிஸ்தவர்) சொல்லுமாறு குர்ஆன் 29:46 கூறுகிறது. முஸ்லிம்கள் ஒரே கடவுளை வழிபடுகிறவர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் அறிவித்தது.

அந்த ஒருவன் எப்படிப்பட்டவன் என்று கேட்டவுடன் வழி பிரிந்துவிடும். தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆட்களாக இருக்கும் ஒரே கடவுள் என்பது கிறிஸ்தவம். 325இல் நிசேயாவிலும் 381இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய சங்கங்கள் இதை விசுவாச அறிக்கையாக வகுத்தன. ‘அவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவுமில்லை’ என்பது இஸ்லாம். குர்ஆனின் 112ஆம் அத்தியாயம் முழுவதும் நாலே வசனம்தான், சொல்வது இதைத்தான்.

அவங்க மூணு சாமி கும்பிடுறாங்கன்னு மதரசாவுல சொன்னாங்க. நெசமா?

எந்தக் கிறிஸ்தவ சபையும் மூன்று கடவுள் என்று சொல்வதில்லை. தந்தை, மாதா, இயேசு என்று மூவரை எண்ணுவது இங்கே பரவலாக உள்ள தவறு. திரித்துவத்தில் மரியாள் இல்லை. ‘மகன்’ என்பதற்கும் உடல்வழிப் பிறப்பு என்று எந்தச் சபையும் பொருள் கொள்வதில்லை.

ஆனால் இதைத் திருத்திவிட்டால் முஸ்லிம்கள் ஒத்துக்கொள்வார்கள் என்று சில ஃபாதர்மார் நினைப்பது நடக்காத காரியம். சரியாகப் புரிந்துகொண்ட திரித்துவத்தையும் இஸ்லாம் ஏற்பதில்லை. அல்லாஹ்வின் ஒருமையில் எந்தப் பிரிவும் கூடாது என்பதே தவ்ஹீது.

இயேசுவை முஸ்லிம்களும் நம்புறாங்களாமே?

நம்பாவிட்டால் முஸ்லிமாகவே இருக்க முடியாது. ஈசா நபியின் (இயேசுவின்) பெயர் குர்ஆனில் 25 இடங்களில் வருகிறது. முஹம்மது நபியின் பெயர் வருவது 4 இடங்களில். கன்னியிடம் தகப்பனின்றிப் பிறந்தார், குருடருக்குப் பார்வை கொடுத்தார், இறந்தவரை எழுப்பினார், மெசியா அவரே, கடைசிக் காலத்தில் திரும்பி வருவார் என்பதெல்லாம் முஸ்லிம்களின் நம்பிக்கையும்தான். மர்யம் (மரியாள்) பெயரில் 19ஆம் அத்தியாயமே இருக்கிறது. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிக்கப்படும் ஒரே பெண் அவர்.

சம்பவங்களில் சில மாறும். லூக்கா நற்செய்தியில் குழந்தையைத் தீவனத் தொட்டியில் கிடத்துகிறார்கள். குர்ஆனில் மர்யம் வலி தாங்காமல் பேரீச்ச மரத்தடியில் சாய்கிறார். மரத்தை உலுக்கினால் பழம் உதிரும் என்று குரல் கேட்கிறது. பெற்ற பிள்ளையோடு ஊருக்குள் வந்தவரை உறவினர் ஏசும்போது தொட்டில் குழந்தையே பேசித் தாயைக் காக்கிறது. களிமண் பறவையை ஊதி உயிராக்கியதும் குர்ஆனில் உண்டு (3:49). பைபிளின் நான்கு நற்செய்திகளில் இவ்விரண்டும் இல்லை.

சிலுவையில சாகலைன்னு சொல்றாங்க. அது ஒரு சம்பவம்தானே, அதுக்கு ஏன் இவ்வளவு பெருசு பண்றீங்க?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ‘அவர்கள் அவரைக் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை’ என்கிறது குர்ஆன் 4:157. அல்லாஹ் அவரைத் தன்னளவில் உயர்த்திக்கொண்டான் என்பது பெரும்பான்மை முஸ்லிம்களின் நம்பிக்கை. பெரிய வெள்ளியும் ஈஸ்டரும் நடக்கவில்லை என்றால் கிறிஸ்தவத்தில் மிச்சம் எதுவும் இல்லை. பவுலே 1 கொரிந்தியர் 15இல் அப்படித்தான் எழுதுகிறார்.

ஆதாமின் பாவத்தால் மனித இனமே முறிந்து கிடக்கிறது, மனிதனால் அதைச் சரிக்கட்ட முடியாது, கடவுளே மனிதனாகி அந்தக் கடனைத் தீர்த்தார் என்பது கிறிஸ்தவக் கணக்கு. அதனால்தான் குழந்தைக்கும் ஞானஸ்நானம் (பெந்தெகொஸ்தேயினர் வளர்ந்த பிறகே கொடுப்பார்கள்). இஸ்லாமியக் கணக்கில் அந்தக் கடனே இல்லை. ஆதம் தவறு செய்தார், மன்னிப்புக் கேட்டார், அல்லாஹ் மன்னித்தான் (2:37). ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் (6:164). கடன் இல்லாத இடத்தில் கடன் தீர்க்க ஒருவர் சாக வேண்டியதில்லை. இங்கே தேவைப்படுவது வழிகாட்டல்; அதற்குத்தான் நபிமார்கள்.

தொழுகை, நோன்பு, வேதம் என்று கீழே வரும் வேறுபாடுகளில் பாதி இந்த முடிச்சிலிருந்துதான் கிளைக்கின்றன.

பைபிளும் குர்ஆனும் ஒரே மாதிரி வேதம்தானே? பைபிளை மாத்திட்டாங்கன்னு ஏன் சொல்றாங்க?

இரண்டும் ஒரே மாதிரி நூல் அல்ல. குர்ஆன் 610 முதல் 632 வரை ஒரே மனிதருக்கு இறங்கியது; 114 அத்தியாயம்; சொல்லுக்குச் சொல் இறைவன் பேச்சு என்பது நம்பிக்கை. பைபிள் பல நூற்றாண்டுகளில் பலர் கடவுளின் ஏவுதலால் எழுதிய தொகுப்பு. கத்தோலிக்கருக்கு 73 நூல், புரொட்டஸ்டண்டுகளுக்கு 66. முஸ்லிமுக்குக் குர்ஆன் இருக்கும் இடத்தில் கிறிஸ்தவருக்குப் பைபிள் இல்லை, கிறிஸ்துவே இருக்கிறார். நூலோடு நூலை ஒப்பிட ஆரம்பித்தால் பேச்சு கோணிப்போவது இதனால்தான்.

ஈசா நபிக்கு இன்ஜீல் என்ற வேதம் அருளப்பட்டது, இன்று கையில் இருப்பது அது அப்படியே அல்ல என்பது முஸ்லிம் நிலை. எழுத்தே மாறியது என்போரும், எழுத்து இருக்கிறது பொருளைத்தான் புரட்டினார்கள் என்போரும் அவர்களுக்குள் உண்டு. கிறிஸ்தவர்கள் காட்டுவது 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளை. முஹம்மது நபி பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட அவற்றில் இருப்பதும் இன்றைய புதிய ஏற்பாடும் பெரும்பாலும் ஒன்றே என்பார்கள்.

நபி வருவார்னு பைபிள்லயே இருக்குன்னு பயான்ல கேட்டேன். எங்க?

உபாகமம் 18:18, யோவான் 14:16 இரண்டையும்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். முதலாவது வசனத்தின் ‘மோசேயைப் போன்ற தீர்க்கதரிசி’ இயேசுவே என்று கிறிஸ்தவர்கள் வாசிக்கிறார்கள். அப்போஸ்தலர் 3:22 அவர்களுக்கு ஆதாரம். இரண்டாவது தூய ஆவியைக் குறிக்கிறது என்பார்கள். இரு தரப்பும் காலங்காலமாக இதையே பேசிவருகின்றன. ஒரு டீ குடிக்கும் நேரத்தில் தீராது.

அஞ்சு வேளை தொழுறவங்களுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் கோயிலுக்குப் போறவங்க சமமா?

அளவு பார்க்கும் கேள்வி இது. தொழுகை இஸ்லாத்தில் கடமை: ஸுபுஹு 2, லுஹர் 4, அஸர் 4, மக்ரிப் 3, இஷா 4, ஆக 17 ரக்அத் (தொழுகைச் சுற்று). வுளு (தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தமாதல்) முறிந்தால் தொழுகை செல்லாது. ஷாஃபிஈயில் வுளுவுக்கு ஆறு கடமைகள்: நிய்யத்து (மனதில் எண்ணுதல்), முகம் கழுவுதல், முழங்கை உட்படக் கை, தலையில் சிறிதாவது ஈரக்கையால் தடவுதல், கணுக்கால் உட்படக் கால், இந்த வரிசை மாறாமை. அவசரத்தில் பெரும்பாலும் தவறுவது குதிகாலும் முழங்கையும். நனையாத இடம் இருந்தால் வுளு கூடாது. கிப்லா (தொழும்போது நோக்கும் மக்காத் திசை) நம் கரையிலிருந்து நேர் மேற்கு அல்ல, மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது.

கத்தோலிக்கருக்கு ஞாயிறு பூசை கடமை; நடுவில் இருப்பது நற்கருணை. அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் ஆகின்றன என்பது விசுவாசம். இதற்கு நிகரானது இஸ்லாத்தில் எதுவுமே இல்லை, காரணம் சிலுவைக் கேள்வியில் சொன்னதுதான். தினசரி செபத்துக்கு நேரமும் திசையும் விதிக்கப்படவில்லை.

ஃபிரண்டு கல்யாணத்துக்குச் சர்ச்சுக்குப் போறேன். என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது?

உட்காரலாம், மற்றவர்கள் எழும்போது எழுந்து நிற்கலாம், முழங்காலிட வேண்டியதில்லை. எல்லோரும் வரிசையாக முன்னே போகும்போது கூடவே போய்விடாதீர்கள். அது நற்கருணை, கத்தோலிக்கருக்கு மட்டும். சாப்பாட்டு வரிசை என்று எண்ணி ஒருவர் போய் நிற்க, சாமியார் தயங்க, இரண்டு பக்கமும் சங்கடப்படும்.

பள்ளிவாசலில் நடக்கும் நிக்காஹுக்குப் போகும் கிறிஸ்தவர்கள் செருப்பை வெளியே விட்டு, முழங்கால் மூடும் உடையில் போனால் போதும். பெண்களுக்கு இடம் தனி.

நோன்பும் தவக்காலமும் ஒண்ணுதானா?

நோக்கம் நெருங்கும், விதி வேறு. ரமலானில் 29 அல்லது 30 நாள், விடியலிலிருந்து மக்ரிப் வரை தண்ணீர்கூட இல்லை. நோயாளி, பயணி, மாதவிடாய்க்காரர் விட்ட நோன்பைப் பிறகு ஈடுசெய்ய (கழா) வேண்டும். தவக்காலம் சாம்பல் புதனில் தொடங்கும். ஞாயிறுகளைக் கழித்தால் 40 நாள். கத்தோலிக்கருக்கு அதில் கட்டாய நோன்பு இரண்டே நாள்தான், சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். 18 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் ஒரு முழுச் சாப்பாடும் இரண்டு சிறு உணவும் எடுக்கலாம். வெள்ளிக்கிழமைகளில் 14 வயது கடந்தவர்கள் கறி சாப்பிடக் கூடாது, மீன் சாப்பிடலாம். பல வீடுகளில் தவக்காலம் முழுக்கக் கறி எடுக்காதது விதியைத் தாண்டிய பக்தி.

ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்வதால் இரண்டும் சில ஆண்டுகளில் மோதும். 2025இல் நோன்பு மார்ச் 2இலும் தவக்காலம் மார்ச் 5இலும் தொடங்கின. அந்த மாதிரி ஆண்டில் ஒரு சின்னச் சிக்கல் வரும்: வெள்ளிக்கிழமை பள்ளிவாசலிலிருந்து பக்கத்து வீட்டுக்குத் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி போகும். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் எல்லாம் சரி. உள்ளே கொத்துக்கறி இருந்தால் கத்தோலிக்க வீட்டில் அன்று குடிக்க மாட்டார்கள். வேறு கிழமையில் கொடுங்கள், அல்லது கறி போடாத கஞ்சி என்று சொல்லிக் கொடுங்கள்.

ஜகாத்தும் தசமபாகமும் ஒண்ணா?

ஜகாத் கட்டாயம்: நிஸாப் என்ற குறைந்தபட்ச அளவுக்கு மேல் உள்ள பணமும் வியாபாரச் சரக்கும் ஒரு சந்திர ஆண்டு கையில் இருந்தால் 2.5 சதவீதம். நிஸாப் தங்கத்தில் சுமார் 85 கிராம், வெள்ளியில் சுமார் 595 கிராம். யாருக்குக் கொடுக்கலாம் என்பதும் எட்டு வகையாகக் குர்ஆனில் வரையறுக்கப்பட்டிருக்கிறது (9:60). தசமபாகம் வருமானத்தில் பத்தில் ஒன்று. பெந்தெகொஸ்தே சபைகளில் இறுக்கமாகக் கேட்பார்கள், கத்தோலிக்கருக்கு அந்த விகிதம் கட்டாயமில்லை.

சண்டை வருவது நகையில். பெண் அணியும் வழக்கமான அளவு நகைக்கு ஷாஃபிஈயில் ஜகாத் இல்லை, ஹனஃபியில் உண்டு. 40 பவுன் வைத்திருக்கும் ஹனஃபிப் பெண் வருஷம் ஒரு பவுன் மதிப்பைக் கொடுக்க வேண்டும். ஒரே வீட்டில் மாமியார் ஒரு மத்ஹப், மருமகள் இன்னொன்று என்றால் ஆளாளுக்கு ஒரு கணக்கு வரும், இரண்டுமே சரிதான்.

எங்க வீட்டு கிறிஸ்துமஸுக்கு முஸ்லிம் கூட்டாளிங்களைக் கூப்பிட்டா சாப்பிடுவாங்களா?

வேதக்காரர்களின் உணவு கூடும் என்கிறது குர்ஆன் 5:5. பன்றி, இரத்தம், தானாகச் செத்தது, மது ஆகியவை கூடாது. பிழை பெரும்பாலும் கேக்கில் வரும்; ரம்மிலோ ஒயினிலோ ஊறவைத்த பழம் போட்டிருந்தால் தொட மாட்டார்கள். கறியை ஹலால் கடையில் வாங்கி, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கேட்கக் கூச்சப்பட்டு தயிர்ச்சோறோடு எழுந்துவிடுவார்கள்.

நம் கரையில் எளிய வழி மீன். மீனை அறுக்க வேண்டியதில்லை, யார் பிடித்தாலும் கூடும். இறால், கணவாய் ஷாஃபிஈக்குத் தடையில்லை. ஹனஃபியில் மீன் இனம் மட்டுமே கூடும். இறாலில் கருத்து வேறுபாடு உண்டு, கணவாயும் நண்டும் கூடாது. நண்டு நிலத்திலும் வாழ்வதால் ஷாஃபிஈ நூல்களிலும் தடை பேசப்படுகிறது. விருந்துக்கு நண்டை விட்டுவிட்டு விளைமீன், சீலா என்று போங்கள்.

பக்ரீத் கறியைக் கிறிஸ்தவங்க சாப்பிடலாமா? அது ஆபிரகாம் கதைதானே?

கதை ஒன்று, பிள்ளை வேறு. ஆதியாகமம் 22இல் பலிபீடத்தில் கிடத்தப்படுவது ஈசாக்கு. குர்ஆன் 37ஆம் அத்தியாயத்தில் மகன் பெயர் இல்லை; பெரும்பான்மை முஸ்லிம்கள் இஸ்மாயீல் என்று கொள்கிறார்கள். கிறிஸ்தவர்கள் அந்தப் பலியைச் சிலுவையின் முன்னடையாளமாகப் பார்ப்பார்கள். முஸ்லிம்கள் கீழ்ப்படிதலின் உச்சமாகப் பார்ப்பார்கள்.

குர்பானிக்கு (பக்ரீத் பலிக்கு) ஓர் ஆடு ஒருவருக்கு, மாடு ஏழு பேருக்கு. வெள்ளாட்டுக்கு ஷாஃபிஈயில் இரண்டு வயது நிறைய வேண்டும், ஹனஃபியில் ஒன்று போதும். குருடு, நொண்டி, நோய், எலும்பு துருத்தும் மெலிவு இருந்தால் கூடாது. பெருநாள் தொழுகைக்கு முன் அறுத்தால் அது வெறும் கறிதான். அந்தக் கறியை முஸ்லிம் அல்லாத அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதில் ஷாஃபிஈ அறிஞர்களிடையே இரு கருத்து உண்டு. நேர்ச்சைக் குர்பானியில் கொடுத்தவர் வீட்டாரே சாப்பிடக் கூடாது. வாங்கும் பக்கத்தில் கத்தோலிக்கர் பொதுவாகத் தயங்குவதில்லை. பெந்தெகொஸ்தேயினர் சிலர் பலிப்பொருள் என்று மறுப்பார்கள். மறுத்தால் வருத்தப்பட வேண்டாம்.

ஏர்வாடி தர்காவும் ஓரியூர் கோயிலும் ஒரே மாதிரிதானே இருக்கு?

இருக்கிறது. ஏர்வாடியில் சுல்தான் சையிது இப்ராஹீம் ஷஹீது அடக்கம். துல்கஃதா மாதம் சந்தனக்கூடு விழா. ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று இயேசு சபைக் குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்டார். அங்கே உள்ள செம்மண்ணை மக்கள் எடுத்துப்போகிறார்கள். இரண்டு இடத்திலும் நேர்ச்சை, கொடியேற்றம், எல்லா மதத்துக் கூட்டமும்.

இன்னும் கவனித்தால் சண்டையும் ஒரே மாதிரி. அடக்கமாகியிருக்கும் பெரியார்களை முன்வைத்து அல்லாஹ்விடம் கேட்பது கூடும் என்பார்கள் சுன்னத் ஜமாஅத்தினர்; அது ஷிர்க் (இணைவைத்தல்) என்பார்கள் தவ்ஹீதுக்காரர்கள். புனிதர்கள் நமக்காகப் பரிந்து பேசுவார்கள் என்பார்கள் கத்தோலிக்கர். பெந்தெகொஸ்தேயினர் அதையே விக்கிரக ஆராதனை என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் தர்காவுக்குப் போகும் முஸ்லிமுக்குத் தவ்ஹீதுக்காரரைவிடக் கத்தோலிக்கரே நெருக்கம்.

மனநோயாளிகளை வேண்டுதலுக்கு அழைத்துவருபவர்கள் மருந்தை நிறுத்த வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். சங்கிலி போடுவது இன்று சட்டப்படி குற்றம்.

நாலு பொண்டாட்டி, தலாக்குன்னு ஒரு பக்கம். விவாகரத்தே கிடையாதுன்னு ஒரு பக்கம். எது உண்மை?

நிக்காஹ் ஓர் ஒப்பந்தம்: மஹர் (மணமகன் மணமகளுக்குக் கொடுப்பது), வலீ (பெண்ணின் பொறுப்பாளர்), இரண்டு சாட்சி. நான்கு வரை மணக்கலாம், சமமாக நடத்த முடியாது என்று அஞ்சினால் ஒருத்தி மட்டும் (4:3). ஒரே மூச்சில் மூன்று தலாக் சொல்வது 2019 சட்டப்படி செல்லாது, மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. மனைவி தன் பக்கத்திலிருந்து மணவிலக்கு (குலா) கேட்கலாம். கத்தோலிக்கத் திருமணம் அருட்சாதனம் (புனிதச் சடங்கு). மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்துக் கட்டியதைத் திருச்சபை பிரிக்காது. தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று திருச்சபை நீதிமன்றம் சொல்ல மட்டும் இடமுண்டு. நீதிமன்ற விவாகரத்து தனி. அதை மட்டும் வாங்கியவர் மறுபடி கோயிலில் மணக்க முடியாது.

ஒரு மனைவி என்ற விதிக்கு நம் மண்ணிலேயே இரத்தம் சிந்தியிருக்கிறது. மறவர் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி இராமநாதபுர மன்னர் சேதுபதியின் உறவுப்பெண். அருளானந்தரின் தலை போனதற்கு அது முக்கியக் காரணம். ஆணையிட்ட கிழவன் சேதுபதிதான் கீழக்கரை சீதக்காதிக்கு நெருங்கியவரும்.

கடல்ல போனவர் உடம்பு கிடைக்கலைன்னா என்ன செய்வாங்க?

உடல் இருந்தால் முஸ்லிம்கள் குளிப்பாட்டி, ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து துணியில் கஃபனிட்டு, நான்கு தக்பீருடன் (‘அல்லாஹு அக்பர்’ என்பது) குனிதலும் (ருகூ) நெற்றியைத் தரையில் வைப்பதும் (ஸுஜூது) இல்லாத ஜனாஸா தொழுது, முகம் கிப்லா நோக்க அடக்குவார்கள். எரிப்பது கூடாது. கத்தோலிக்கர் பெட்டியில் வைத்துப் பூசை முடித்து அடக்குவார்கள். 1963 முதல் எரிக்கவும் அனுமதி உண்டு.

உடல் கிடைக்காவிட்டால் ஷாஃபிஈயில் காயிப் ஜனாஸா (உடல் முன்னில்லாத இறுதித் தொழுகை) தொழலாம், ஹனஃபியில் இல்லை. நீரில் மூழ்கி இறந்தவருக்கு ஷஹீதின் (உயிர்த்தியாகியின்) கூலி உண்டு என்று ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. கத்தோலிக்கர் உடல் இல்லாமலே அடக்கப் பூசை வைக்கலாம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் அவர் பெயரும் வாசிக்கப்படும். துக்கம் கேட்கப் போகும்போது நினைவிருக்கட்டும்: முஸ்லிம் விதவை நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்ற காத்திருப்பில் இருப்பார், அவரை நேரில் பார்க்க வேண்டும் என்று வெளி ஆண்கள் கேட்கக் கூடாது.

பையன் முஸ்லிம், பொண்ணு கிறிஸ்டியன். மாறாம கல்யாணம் பண்ண வழி இருக்கா? சொத்து என்னாகும்?

முஸ்லிம் ஆண் வேதக்காரப் பெண்ணை மணக்கலாம் என்று 5:5 அனுமதிக்கிறது. முஸ்லிம் பெண் பிற மதத்தவரை மணக்க அனுமதி இல்லை. ஆனால் வேதக்காரப் பெண்ணின் முன்னோர் எப்போது அந்த மதத்துக்கு வந்தார்கள் என்று ஷாஃபிஈ நூல்கள் கூடுதல் நிபந்தனை வைப்பதால், தமிழ்க் கிறிஸ்தவப் பெண் விஷயத்தில் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) தயங்குவார்கள். கத்தோலிக்கப் பெண்ணுக்கு ஆயரின் விதிவிலக்கு வேண்டும். இம்மாவட்டம் சிவகங்கை மறைமாவட்டத்தில் வருகிறது. பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க இயன்றதைச் செய்வேன் என்று அந்தப் பெண் வாக்குக் கொடுக்க வேண்டும். ஜமாஅத்தும் இதையே எதிர்ப்பக்கம் கேட்கும். பெரும்பாலான பேச்சுகள் முறிவது இந்த இடத்தில்தான், மணமேடையில் இல்லை.

மூன்றாவது வழி 1954 சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவர் 30 நாள் வசித்த எல்லைக்குள் உள்ள திருமணப் பதிவு அதிகாரியிடம் மனு, 30 நாள் அறிவிப்பு, மூன்று சாட்சி. மனு கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

சொத்தில் வேறுபாடு பெரிது. உயில் இல்லாத கிறிஸ்தவர் சொத்தில் 1925 வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, மிச்சம் ஆண் பெண் பிள்ளைகளுக்குச் சமமாக. ஷரீஅத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகளைப் போல் இரு பங்கு மகனுக்கு. (கீழக்கரையில் வீட்டைப் பெண்ணுக்குக் கொடுப்பது ஊர் வழக்கம்; இந்தக் கணக்கில் சேராது.) சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தவர்களுக்கு 1925 சட்டமே பொருந்தும். வெறும் நிக்காஹ் மட்டும் என்றால், முஸ்லிம் அல்லாத மனைவி ஷரீஅத்தின்படி வாரிசாக மாட்டார். கணவர் உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக (தானமாக) மனைவிக்குக் கொடுத்து அவள் கையில் ஒப்படைக்க வேண்டும், அல்லது மூன்றில் ஒரு பங்குக்குள் உயில் எழுத வேண்டும். ஹிபா என்று வாயால் சொல்லிவிட்டுப் பத்திரத்தையும் சாவியையும் தானே வைத்துக்கொண்டால் அது பின்னால் நிற்காது.